கணக்கு நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

"பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா லினக்ஸ்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் என் வகுப்பில் பாக்கி இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் இன்னும் மோசம். "உபுண்டுவா, டெபியனா?" என்று ஆரம்பித்து ஆழம் பார்ப்பார்கள். இரண்டு கோஷ்டிக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள் :)

புரோகிராமிங் ஆசை எனக்கு என்றைக்குமே கிடையாது. நாலு வரி நிரல் எழுதச் சொன்னால் நைசாகக் கழன்றுகொள்வேன். என்னை லினக்ஸ் பக்கம் இழுத்தது கணக்கு. எங்கள் மாமாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் மளிகைக் கடை. (சர்க்கார் ரிக்கார்டில் அது குபேர் அங்காடி. புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர். ஆட்டோக்காரரிடம் குபேர் அங்காடி என்று சொல்லிப் பாருங்கள், ஒரு நொடி யோசித்துவிட்டு "பெரிய மார்க்கெட்டா சார்?" என்பார்.) அந்த மார்க்கெட்டில் பூக்கடையோ மீன் கடையோ காய்கறிக் கடையோ, எல்லாரிடமும் ஒரு நோட்டு இருக்கும். யார் எவ்வளவு கடன், யாருக்கு எவ்வளவு தரணும் என்று அவர்களுக்கு மட்டுமே புரியும் கையெழுத்தில் இருக்கும். ராத்திரி கடை சாத்தும்போது அது கல்லாவோடு வீட்டுக்குப் போகும், அல்லது பூட்டுக்குள் போகும். "என் கடையில நிறைய அலமாரி இருக்கு, உன் நோட்டை இங்கேயே வெச்சிக்கோ, காசு வேணாம்" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னால் எந்த வியாபாரியாவது கொடுப்பாரா? "ஓசியில எதுக்குச் சொல்றான்?" என்றுதான் முதலில் யோசிப்பார்.

அதே வியாபாரியின் போனை வாங்கிப் பாருங்கள். பேத்தி பிறந்த நாள் போட்டோ, வாடகைப் பத்திரத்தின் நகல், ஜிஎஸ்டி பில், ஆதார் கார்டு எல்லாமே முகம் தெரியாத ஒருவரின் அலமாரியில்தான் இருக்கும். ஓசியில்.

செல்ஃப் ஹோஸ்டிங் என்று இங்கிலீஷில் பெரிதாகச் சொல்கிற விஷயம் இவ்வளவுதான்: அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவது. ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, ஹார்டு டிஸ்க்கைச் செருகி, வீட்டு மூலையில் ஓடவிட்டால், போட்டோவும் கோப்புகளும் காலண்டரும் அதில் உட்கார்ந்துகொள்ளும். போன் அதோடு பேசும். கூகுள் செய்கிற வேலையில் ஒரு சின்னத் துண்டை நம் வீட்டுப் பொட்டி செய்கிறது.

ஓசி அலமாரியில் என்ன பிரச்சினை என்றால், அது எப்போதும் ஓசியாக இருக்காது. கூகுள் போட்டோஸில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஊரே ஏற்றியது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றார்கள். மெயிலும் அந்த 15 ஜிபிக்குள்தான். அது நிறைந்தால் மெயில் வருவதே நின்றுவிடும். அப்புறம் என்ன, காசு கட்ட வேண்டியதுதான். சட்டப்படி இதில் தப்பே இல்லை. கடை அவர்களுடையது, விலை வைப்பதும் அவர்கள் இஷ்டம். ஆனால் பத்து வருஷத்துப் போட்டோ உள்ளே போன பிறகு விலை சொன்னால், அதைப் பேரம் என்று சொல்ல முடியாது.

வாடகைக் கடையில் இருக்கிறவனுக்கு இந்தப் பயம் நன்றாகவே தெரியும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னபோது வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். அவர்களில் யாருக்கும் புதுக் கட்டடம் பிடிக்காமல் இல்லை. இப்போது காலி செய்தால் திரும்பி வரும்போது நம் இடம் நமக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அப்படிப்பட்டவர்கள் தங்கள் போட்டோ விஷயத்தில் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

"காசு கட்டிட்டா பிரச்சினை இல்லையே" என்று ஒரு நண்பன் கேட்டான். நயாரா எனர்ஜி கதையை அவனுக்குச் சொன்னேன். குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் பெரிய எண்ணெய்க் கம்பெனி. பங்குகளில் பெரும் பகுதி ரஷ்யக் கம்பெனி கையில் இருப்பதால் 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் அதன் மேல் தடை போட்டது. உடனே மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியின் மெயில் உட்பட்ட சேவைகளை நிறுத்திவிட்டது. இந்தியச் சட்டத்தில் அந்தத் தடைக்கு இடம் இல்லை. கம்பெனி காசு கட்டிய வாடிக்கையாளர்தான். டில்லி உயர் நீதிமன்றம் போன பிறகு சில நாளில் சேவை திரும்பி வந்தது. அவர்களிடம் வக்கீல் வைக்கக் காசு இருந்தது. மாமா கடைக்கு அப்படி நடந்தால் நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

இதைச் சொன்னால் உடனே "அப்போ ஜோஹோ?" என்பார்கள். சென்னைக் கம்பெனி, எனக்கும் பெருமைதான். ஆனால் அதுவும் வாடகை வீடுதான். வீட்டுக்காரர் நம்ம ஊர்க்காரர், பேசினால் புரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பெனி இழுத்து மூடிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2000களில் இணையத்தில் தமிழ் எழுதியவர்களில் நிறைய பேர் யாஹூ குழுமங்களில்தான் கூடினார்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் அங்கே நடந்தவைதான். அங்கே எழுதிய பலர் பின்னால் பேர் வாங்கினார்கள் என்று படித்திருக்கிறேன். அந்த மடல்களைப் படிக்கலாம் என்று நான் தேடிப் போனபோது கதவே இல்லை. 2019 டிசம்பரில் யாஹூ பழைய மடல்களை எடுத்துவிட ஆரம்பித்தது, 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்களையே மூடியது. முன்யோசனையாக யாராவது இறக்கி வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் பிறந்த காலத்துத் தமிழ்ப் பேச்சு அது. ஒரு கம்பெனிக்கு லாபம் இல்லை என்று ஆனதும் போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான கதை மார்க்கெட்டை ஒட்டிய தெருவிலேயே இருக்கிறது. ரங்கப்பிள்ளை வீதி என்கிறோமே, அந்த ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடு இன்னும் நிற்கிறது. தூய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷியாக இருந்தவர், வியாபாரி. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும் வரை தினசரி குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன பேசினார், யார் யாரைப் போட்டுக்கொடுத்தார், எல்லாம். எழுதியது தமிழில், வைத்திருந்தது சொந்த வீட்டில். கம்பெனி ஆபீஸில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் செத்த சில நாளிலேயே பிரிட்டிஷ்காரன் ஊரைப் பிடித்துவிட்டான்.

ஆனால் வீட்டில் வைத்ததால் மட்டும் அது பிழைக்கவில்லை. 1846இல் கலுவா மொம்பிரேன் என்பவர் அந்தக் குறிப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து நகல் எடுக்க வைத்தார். அரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த நகல் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. இன்றைக்கும் இடையிடையே கிடைக்காத பகுதிகள் உண்டு. சொந்த வீட்டில் மூலம், வேறு ஊரில் நகல். செல்ஃப் ஹோஸ்டிங் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவதை ஒரு துபாஷியின் நோட்டு ஏற்கனவே காட்டிவிட்டது ;)

இப்போது காசுக் கணக்கு. பி.காம்காரன் இதைச் செய்யாமல் போனால் தோசை சுடத் தெரியாத ஹோட்டல்காரன் மாதிரி.

பழைய லேப்டாப் சும்மா ஓடும்போது ஏறக்குறைய 15 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 0.36 யூனிட், மாதத்துக்கு 11 யூனிட்டுக்குள். யூனிட் 5 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் மாதம் 55 ரூபாய்க்குள் முடியும். வருஷத்துக்கு 650. (பழைய டெஸ்க்டாப் என்றால் 60 வாட் போகும், மாதம் 43 யூனிட். கரண்ட் பில்லைப் பார்த்து அம்மா பிளக்கைப் பிடுங்குவார்கள். லேப்டாப்தான் நல்லது. பேட்டரி உயிரோடு இருந்தால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும், தனியாக யுபிஎஸ் வேண்டாம்.) ஹார்டு டிஸ்க் இரண்டுக்குப் பத்தாயிரம் போடுங்கள். ஐந்து வருஷம் உழைக்கும் என்று நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் வருஷம் 2,000. ஆக மொத்தம் 2,650.

கூகுளில் 100 ஜிபிக்கு வருஷம் 1,300 ரூபாய் என்ற அளவில் வாங்குகிறார்கள். 2 டிபிக்கு 6,500. ஆக, உங்களிடம் இருப்பது 100 ஜிபிக்குள் என்றால் கூகுள்தான் மலிவு. ஒரு டிபியைத் தாண்டினால் வீட்டுப் பொட்டி மலிவு. இதில் நம் உழைப்புக்குச் சம்பளம் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் நான் எப்போதோ திவால். லினக்ஸ் ஆர்வலர்கள் "எல்லாம் இலவசம்" என்று ஆரம்பிப்பதை நிறுத்தினால் நல்லது. மார்க்கெட்டில் யாரும் அதை நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. மென்பொருள் இலவசம். கரண்டு, டிஸ்க்கு, ஞாயிற்றுக்கிழமை மூன்றும் காசு. நோட்டு நம் கையில் இருப்பதற்குத்தான் அந்தக் காசைக் கொடுக்கிறோம்.

எதை வீட்டில் வைப்பது, எதை வாடகையிலேயே விடுவது என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மெயிலை வீட்டில் வைக்காதீர்கள். வீட்டு இணைப்பிலிருந்து போகும் மெயிலைப் பெரிய கம்பெனிகள் நேராகக் குப்பையில் போடும். அதை அனுப்பும் 25ஆம் எண் வாசலையே பல இணைய நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கின்றன. அதோடு, பல இணைப்புகளில் நமக்கென்று தனி முகவரியே கிடையாது. ஒரு தெரு முழுக்க ஒரே கதவு எண்ணைப் பகிர்ந்துகொள்வது மாதிரி பல வீடுகள் ஒரு முகவரியில் இருக்கும். நான் எங்கள் இணைப்புக்காரரிடம் தனி முகவரி கேட்டதற்கு "எதுக்கு தம்பி, சிசிடிவியா?" என்றார்கள். அதற்கு மேல் பதில் இன்றுவரை இல்லை. கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

அதனால் என் சிபாரிசு சிங்க்திங். இரண்டு பொட்டிக்கு இடையில் ஒரு ஃபோல்டரை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும், தனி முகவரி கேட்காது, நடுவில் எந்தக் கம்பெனியிலும் நகல் தங்காது. போட்டோவுக்கு இம்மிச் அருமை, ஆனால் முகம் பார்த்துப் பிரிக்கும் வேலைக்கு ரேம் நிறையக் கேட்கும். நெக்ஸ்ட்கிளவுடில் எல்லாமே இருக்கிறது. கல்யாண மண்டபத்தையே வாடகைக்கு எடுத்து நாலு பேர் சாப்பிடுவது மாதிரி எனக்குத் தோன்றும். ஆரம்பிப்பவர்கள் சிங்க்திங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நகல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 விதி: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இந்த "வேறு இடம்" எவ்வளவு முக்கியம் என்று நம்ம ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இங்கேதான் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தண்ணீர் புகுந்த வீட்டில் பொட்டியும் அதன் பேக்கப்பும் ஒரே மேஜைக்குக் கீழே இருந்தால் அது பேக்கப் இல்லை, ஒரே சாவுக்கு இரண்டு பாடை. எங்கள் மூன்றாவது டிஸ்க் திண்டிவனத்தில் அத்தை வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. பொங்கல், தீபாவளிக்குப் போகும்போது மாற்றிக்கொண்டு வருவேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், வீடுகளிலும் கடைகளிலும் கழித்துக் கட்டும் லேப்டாப்கள் நிறைய வெளியே வரும் நேரம் இது. விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விரும்பியவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு வருஷ நீட்டிப்பு. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்பை ஏற்காது. நன்றாக ஓடுகிற பொட்டி, காகிதத்தில் மட்டும் செத்துவிட்டது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் கிலோ கணக்குதான். டெபியன் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். (ரொம்ப ரொம்பப் பழைய 32 பிட் பொட்டி என்றால் 2025இல் வந்த டெபியன் 13ஐ நிறுவ முடியாது, 12ஐப் பாருங்கள்.)

"நம்ம ஜனங்களுக்கு லினக்ஸ் கஷ்டம்" என்பவர்களுக்கு ஒரு தகவல். நம் யூனியன் பிரதேசத்திலேயே இருக்கிறது மாஹே. அங்கே பள்ளிகள் நீண்ட காலம் கேரளப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. கேரளத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான். பத்தாவது படிக்கும் பிள்ளைகள் அதில் செய்முறைத் தேர்வு எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சிடாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் அதில் பாடம் இல்லை, தேர்வு இல்லை. எனக்குத் தெரிந்த அண்ணன்கள் யாரும் அந்தப் பக்கம் ஒரு தடவைக்கு மேல் போனதாகச் சொல்லவில்லை. கொடுத்தது ஒரே மாதிரிப் பொருள்தான். கற்றுக்கொடுத்தார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

சரி, டாலி? நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். டாலி லினக்ஸுக்கு வரவில்லை. ஒயின் வழியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரு கடையின் ஜிஎஸ்டி கணக்கை அப்படி ஓட்டச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நூகேஷ் நல்ல இரட்டைப் பதிவு மென்பொருள், நம் முதல் வருஷக் கணக்குப் பதிவியலை அதில் போட்டுப் பழகலாம். ஆனால் மாமாவின் ஆடிட்டர் டாலி ஃபைல்தான் கேட்பார். அதனால் மாமா கடையில் விண்டோஸும் டாலியும் அப்படியே இருக்கின்றன. ராத்திரி கடை சாத்தும் முன் டாலியை மூடி பேக்கப் எடுத்தால், அந்த ஃபோல்டர் சிங்க்திங் வழியாக எங்கள் வீட்டு லினக்ஸ் பொட்டிக்கு வந்துவிடும். வீட்டுப் பொட்டி வாங்க மட்டும் செய்யும், பழைய பிரதிகளையும் வைத்திருக்கும். கடைப் பொட்டியில் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் பூட்டினாலும் போன வாரத்துக் கணக்கு வீட்டில் இருக்கும்.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. ஜிஎஸ்டியில் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். கம்பெனிகள் என்றால், 2022 ஆகஸ்டில் மாற்றிய விதிப்படி, கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். மாமா கடை கம்பெனி இல்லை. ஆனால் ஒரு சர்க்காரே "நோட்டு எங்கே இருக்கிறது" என்று கேட்கும்போது ஒரு கடைக்காரர் கேட்கக் கூடாதா?

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாப்ள, நாளைக்கு நீ பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டா இதை யாரு பார்ப்பா?"

இந்த விஷயத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே கஷ்டமானது இதுதான். உபுண்டுவா டெபியனா என்று சண்டை போடுகிறவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். வீட்டில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த சர்வர், ஒருவனுக்கு மட்டும் புரியும் கையெழுத்தில் எழுதிய நோட்டு மாதிரி. அவன் இல்லாவிட்டால் கூகுளே மேல்.

அதனால் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, எதையும் விசேஷ வடிவத்தில் வைக்கவில்லை. போட்டோ போட்டோவாக, பில் பிடிஎஃப்ஆக, வருஷவாரி ஃபோல்டரில். எடுத்துக்கொண்டு போகும் டிஸ்க் விண்டோஸிலும் திறக்கும் வடிவத்தில் இருக்கிறது. அத்தை வீட்டு பீரோவிலிருந்து எடுத்து எந்த பிரவுசிங் சென்டரில் செருகினாலும் தெரியும். இரண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பாஸ்வேர்டும், பொட்டி நின்றுபோனால் என்ன செய்யணும் என்பதும் தமிழில் எழுதி மாமாவின் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து பத்தாவது படிக்கும் அவர் பெண்ணே ஒருமுறை பொட்டியை அணைத்து, திரும்ப ஏற்றி, பழைய பேக்கப் ஒன்றை எடுத்துக் காட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. இருபது நிமிஷம். மூன்றாவது பக்கத்தில் என் கையெழுத்து புரியவில்லை என்று திட்டினாள், திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

அதற்கு மேல் சிக்கல் வந்தால் ஊரிலேயே ஆள் இருக்கிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2012இலிருந்து வரும் கணியம் இதழில் தமிழிலேயே கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. என்னை மாதிரி காமர்ஸ் ஆட்களுக்கும் புரியும்.

வகுப்பு மக்களே, வீட்டில் விண்டோஸ் 10 லேப்டாப் தூசி படிந்து கிடந்தால் சண்டே மார்க்கெட்டுப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். செமஸ்டர் முடிந்த முதல் ஞாயிறு எடுத்துக்கொண்டு வாங்க, டெபியன் பென்டிரைவ் நான் கொண்டு வருகிறேன். சார்ஜரை மறக்க வேண்டாம். டீ உங்கள் செலவு :)